பழங்கோயிலும் படப்பெட்டியும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத்துத் தோட்டப்புறங்களிலிருந்து மலாக்கா நகருக்குச் சுற்றுலா புறப்படும் குடும்பங்கள் பல. மூவார் சாலையில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் நகரம் வந்துவிடும். பிள்ளைகள் கையில் இன்று படப்பெட்டி கூடத் தேவையில்லை; அப்பாவின் கைத்தொலைபேசி போதும். காலையில் தொடங்கி மாலைக்குள் 300 படம், 400 படம் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் பள்ளி திறந்ததும், "என்ன பார்த்தீர்கள்? அந்தக் கோயில் யார் கட்டியது? கூரையின் மேல் என்ன இருந்தது?" என்று கேட்டால் விடை வருவதில்லை. படம் இருக்கிறது, பார்த்த நினைவு இல்லை.

இந்தக் குறையை நீக்க வழி உண்டா என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். பழமையான ஒரு வழிபாட்டு இடத்திற்குப் போனால் அங்கே எப்படிப் படம் எடுப்பது, எதை எடுப்பது, எதை எடுக்காமல் விடுவது, எடுத்ததை என்ன செய்வது? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம். எடுத்துக்காட்டுக்கு நம் மாநிலத்திலேயே உள்ள ஒரு கோயிலை எடுத்துக்கொள்வோம். மலாக்கா ஜாலான் தொக்கோங்கில் உள்ள செங் ஹூன் தெங் கோயில்தான் அது.

படம் எடுப்பதற்கு முன் பொருளை அறிய வேண்டும். இதுவே முதல் பாடம்.

செங் ஹூன் தெங் 17-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் சீனக் கோயில்களில் மிகப் பழமையானது இதுவே. டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் மலாக்காவின் சீனர்களுக்குத் தலைவராக ஒருவர் அமர்த்தப்படுவது வழக்கம். அவருக்குக் கப்பித்தான் என்று பெயர். கோயிலைக் கட்டியவர்களும் காத்தவர்களும் இந்தக் கப்பித்தான்களே. பெரிய மண்டபம் 1704-ஆம் ஆண்டில் எழுந்தது. 1801-இல் கப்பித்தான் சுவா சூ சியோங் காலத்தில் கோயில் புதுப்பிக்கப்பட்டது. கட்டுமானப் பொருள்களும் கைவினைஞர்களும் சீனத்தின் தென் பகுதியிலிருந்து கப்பலேறி வந்தனர். அண்மைக் காலத்தில் பழைய முறைகளையே பின்பற்றி நடந்த சீரமைப்புப் பணிக்கு யுனெஸ்கோவின் பாராட்டுப் பரிசும் கிடைத்தது. மலாக்கா நகரம், ஜார்ஜ் டவுனுடன் சேர்ந்து, 2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றதை நேயர்கள் அறிவீர்கள்.

இது புத்தர் கோயிலா என்று சிலர் கேட்பார்கள். பௌத்தம், கன்பூசியம், தாவோ ஆகிய மூன்று நெறிகளும் ஒரே கூரையின் கீழ் வாழும் கோயில் இது. நடுவில் வீற்றிருப்பவர் குவான் யின் என்னும் கருணைத் தெய்வம். கடலோடிகளைக் காக்கும் மா சோ என்னும் தாய்த் தெய்வத்திற்கும் இங்கே இடம் உண்டு.

இந்தக் குவான் யின் யார் என்று விசாரித்தால் நமக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. பௌத்த நூல்களில் அவலோகிதர் என்று கூறப்படும் போதிசத்துவரே சீனத்தில் பெண் வடிவம் பெற்றுக் குவான் யின் ஆனார். அவலோகிதர் தமிழுக்கு அயலார் அல்லர். 11-ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், புத்தமித்திரர் என்னும் பௌத்தப் புலவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலை இயற்றினார். அகத்தியர் தமிழ் கற்றது அவலோகிதரிடம் என்று அந்நூல் கூறுகிறது. மணிமேகலை என்னும் காப்பியம் பௌத்த நெறியைப் பாடியது என்பதை நம் மேல்நிலை மாணவர்களும் அறிவர். ஆகவே ஜாலான் தொக்கோங்கின் வாசற்படியில் நிற்கும் தமிழ்ப் பிள்ளை, முற்றிலும் முன்பின் அறியாத வீட்டின் முன் நிற்கவில்லை. இதைப் பிள்ளைக்குச் சொல்லி அழைத்துச் சென்றால், அவன் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

நேயர்களே, "படம் எடுப்பது பொழுதுபோக்குத்தானே, அதற்கு இத்தனை முன்னேற்பாடா?" என்று சிலர் எண்ணலாம். பழைய கட்டடத்தின் படம் சில வேளைகளில் அந்தக் கட்டடத்தைவிட நீண்ட ஆயுள் உடையது. இதற்கு ஒரு சான்று சொல்கிறோம்.

தமிழ்நாட்டு நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பெரிய பௌத்தப் பள்ளி இருந்தது. அதைக் கட்டியவர்கள் நம் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மன்னர்கள். சூளாமணிவர்மனின் பெயரால் எழுந்த அதை அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் கட்டி முடித்தார். முதலாம் இராஜராஜ சோழன் அந்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக அளித்தார். சைவ மன்னர் பௌத்தப் பள்ளிக்குச் செய்த அறம் அது. லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற செப்பேடுகளில் இச்செய்தி உள்ளது.

அங்கே பழைய கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. கப்பலில் வருவோருக்கு அது ஓர் அடையாளம். ஐரோப்பியர் அதைச் சீனக் கோபுரம் என்று அழைத்தனர். 1867-இல் அது இடிக்கப்பட்டது. இன்று அந்த இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆயினும் அது மூன்று நிலை கொண்ட செங்கல் கோபுரம், கூரை விழுந்துபோய் நின்றது என்று நாம் இன்று சொல்ல முடிகிறது. எப்படி? வால்டர் எலியட் என்னும் அதிகாரி 1846-இல் அங்கே சென்று கோபுரத்தைப் பார்த்தார். அவர் வாயிலாக வந்த ஒரு வரைபடமும் குறிப்பும் 1878-இல் ஆராய்ச்சி இதழொன்றில் அச்சாயின. அந்தக் கோபுரத்தின் தோற்றத்துக்கு நமக்கு மிஞ்சிய சாட்சிகளில் ஒன்று அந்தத் தாள்!

அது அந்தக் காலம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் நாட்டிலேயே, கெடா பூஜாங் பள்ளத்தாக்கில், 11-ஆம் எண் சண்டி என்னும் தொன்மைச் சின்னம் நில மேம்பாட்டு வேலையின்போது இடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. அது எவ்வாறு இருந்தது என்று காட்ட, முன்பு எடுத்த படங்களையே தேட வேண்டியதாயிற்று. சுற்றுலா சென்றவர் எடுத்த படமும் சான்றாகும் காலம் இது.

இனி, எடுக்கும் முறைக்கு வருவோம். அதில் முதலில் ஒழுங்கு, பிறகுதான் நுட்பம்.

கோயில் என்பது காட்சிசாலை அன்று. நாம் நம் மாரியம்மன் கோயிலில் கண்மூடி நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் முகத்துக்கு நேரே வெளிச்சம் அடித்துப் படம் எடுத்தால் நம் மனம் என்ன பாடுபடும்? அதே மனம்தான் ஊதுபத்தி ஏந்தி நிற்கும் சீன மூதாட்டிக்கும் உண்டு. எனவே உள்ளே நுழைந்ததும் பொறுப்பாளரிடம், "போலே அம்பில் கம்பார்?" என்று மலாயில் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் தலையசைப்பார்கள். கூடாது என்றால் நன்றி சொல்லிக் கருவியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். அறிவிப்புப் பலகை இருந்தால் அதுவே சட்டம்.

வணங்குவோரின் முகத்தை அவர்கள் ஒப்புதல் இன்றி எடுக்காதீர்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சீனக் கோயில்களில் கூட்டம் மிகும். அன்று பார்க்கப் போகலாம்; படம் எடுக்க அது நாளன்று. வாசலின் உயர்ந்த நிலைப்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்வது அவர்கள் மரபு. நம் வீடுகளிலும் நிலைப்படியை மிதிக்காதே என்று பாட்டிமார் சொல்வதுண்டு அல்லவா? முன்னோர் பெயர் எழுதிய பலகைகள் உள்ள இடம் ஒரு குடும்பத்தின் நினைவிடம் போன்றது. அங்கே கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

இப்போது பலருக்கும் உள்ள பழக்கம், தெய்வத் திருவுருவத்திற்கு முதுகைக் காட்டித் தம் முகத்தையே எடுத்துக்கொள்வது. இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதைப் பெரும் அவமதிப்பாகக் கருதுவார்கள். 2012-ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பயணிகள் மூவர், புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் வேடிக்கையாக எடுத்த படங்களைக் காலி நகரில் ஒரு கடையில் கழுவக் கொடுத்தனர். கடைக்காரர் காவல் துறைக்குத் தெரிவித்தார். வழக்கு நீதிமன்றம் சென்றது. ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனைக்கு அஞ்சி ஒழுங்காக நடக்கச் சொல்லவில்லை. தமக்கு விளையாட்டாகத் தோன்றுவது, அந்த இடத்துக்கு உரியவர்களின் நெஞ்சைத் தைக்கலாம் என்பதை உணரவே இதைச் சொல்கிறோம்.

அடுத்து நுட்பம்.

ஜாலான் தொக்கோங் குறுகிய தெரு. முழுக் கோயிலையும் ஒரே படத்தில் அடக்க முயன்றால் கருவியை அண்ணாந்து பிடிக்க நேரிடும். தூண்கள் பின்னே சாய்ந்ததுபோல் விழும். எதிர்ப்புறம் வரை பின்னால் சென்று, கருவியை நேராகப் பிடித்து, வாசலை மட்டும் எடுங்கள். கூரையைத் தனியாக எடுங்கள். அந்தக் கூரையில்தான் கைவினையின் உச்சம் இருக்கிறது. வண்ணப் பீங்கான்களைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று பதித்துப் பூவும் பறவையும் விலங்கும் மனித உருவும் செய்திருக்கிறார்கள். வெறும் கண்ணால் பார்க்கையில் தெரியாத துண்டுகளின் விளிம்பு, காலை வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் நிழல் குறைந்து எல்லாம் தட்டையாகிவிடும். ஆகவே காலையில் செல்வது நல்லது.

மண்டபத்தின் உள்ளே இருள். முற்றத்தில் கண் கூசும் வெளிச்சம். இரண்டையும் ஒரே படத்தில் எடுத்தால் ஒன்று கறுத்துவிடும், இல்லையேல் மற்றொன்று வெளுத்துவிடும். எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கைத்தொலைபேசித் திரையில் இருண்ட பகுதியை விரலால் தொட்டால் கருவி அதற்கேற்ப ஒளியைக் கூட்டிக்கொள்ளும். இருளில் கருவி ஒளியைச் சேர்க்கச் சற்று நேரம் எடுப்பதால் கை அசையக் கூடாது. முழங்கைகளை விலாவோடு அணைத்து, மூச்சை ஒரு கணம் நிறுத்தி எடுங்கள்.

மின்வெட்டொளி வேண்டவே வேண்டாம். முதற்காரணம், அது வணங்குவோரின் மன ஒருமையைக் குலைக்கும். இரண்டாவது, அரக்குப் பூசிய மரமும் பொன் முலாமும் அந்த ஒளியைத் திருப்பி அடிக்கும். ஊதுபத்திப் புகை வெள்ளைத் திரைபோல் எழுந்து நிற்கும். படத்தில் இருப்பது வெறும் வெளுப்பே. அந்த இடத்தின் அழகு, விளக்கொளியும் புகையும் நிழலும் கலந்த மங்கலில்தான் இருக்கிறது. அதை அப்படியே விட்டு எடுப்பதே உண்மையான படம்.

எழுத்தைப் படம் எடுக்க மறக்காதீர்கள். கல்வெட்டும் பெயர்ப்பலகையும் நமக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். படிக்கத் தெரிந்த ஒருவர் நாளை வருவார். இதற்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்லலாம். லின்னியஸ் டிரைப் என்பவர் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தவர். 1855-இல் பர்மாவுக்குச் சென்று பகான் முதலிய இடங்களின் பௌத்தக் கோயில்களைப் படம் எடுத்தார். பின்னர் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் தமிழ்க் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்தில் ஒரே தொடராக ஆக்கினார். மெழுகு தோய்த்த காகிதத்தில் படம் பிடித்த காலம் அது. ஒரு படத்துக்கே எவ்வளவு பாடு! ஆயினும் கல்லின் எழுத்து விடுபடக் கூடாது என்று அவர் உழைத்தார். நம் கையில் உள்ள கருவிக்கு அந்த வேலை ஒரு நிமிடம்.

எழுத்தின் அருமைக்கு இன்னொரு சான்று. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ மலாக்காவிற்குப் பலமுறை வந்தவர். அவர் 1409-ஆம் ஆண்டைக் குறித்த கல் ஒன்றை இலங்கைக்குக் கொண்டுவந்தார். அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தென்கரையிலிருந்த திருமாலைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் இறைவனைப் போற்றுகிறது. ஒரே கல்லில் மூன்று வழிபாடு! அந்தக் கல் 1911-இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டபோது வடிகால் ஒன்றை மூடும் பலகையாகக் கிடந்தது. பாரசீக எழுத்துகள் பெரிதும் தேய்ந்துபோயின. கவனிப்பார் இல்லாவிட்டால் கல்லும் தேயும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்தக் கல் சொல்வதை மலாக்காவின் தெருக்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. செங் ஹூன் தெங்கிலிருந்து சில நிமிடம் நடந்தால் ஜாலான் துக்காங் எமாஸ். அங்கே கம்போங் கிளிங் பள்ளிவாசல். 1748-இல் மரத்தால் எழுப்பி, 1872-இல் செங்கல்லால் கட்டப்பட்டது. அதன் அருகில் 1781-இல் மலாக்கா செட்டி சமூகத்தார் எழுப்பிய பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். பள்ளிவாசலின் அடுக்குக் கூரையையும் கோபுரம்போன்ற தூபியையும் சீனக் கோயிலின் கூரையையும் அடுத்தடுத்து எடுத்து, வீட்டில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒருவர் கைவேலை மற்றவர் கைவேலையில் எப்படிக் கலந்தது என்று விளங்கும். நூறு பக்கம் படித்தாலும் பதியாத பாடம் அது.

படச்சுருள் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் காசு. ஆகவே மக்கள் பார்த்து, எண்ணி, பிறகு அழுத்தினார்கள். இன்று கணக்கில்லை, அதனால் பார்ப்பதும் இல்லை. எங்கள் மாணவர்களுக்கு நாங்கள் சொல்வது 12 படக் கணக்கு. ஒரு கோயிலுக்கு 12 படங்கள் மட்டும். தெருவும் பெயர்ப்பலகையும் ஒன்று, வாசல் ஒன்று, கூரை முழுதாக ஒன்று, நெருக்கமாக ஒன்று, முற்றம் ஒன்று, தூண் அல்லது மரவேலை ஒன்று, ஊதுபத்திக் கலயம் ஒன்று, கல்வெட்டு முழுதாக ஒன்று, பகுதியாக ஒன்று, வெளியே ஊதுபத்தி விற்பவர், ஒப்புதல் பெற்று, ஒன்று, பக்கத்து வழிபாட்டு இடம் ஒன்று, கடைசியாக, வாசலுக்கு வெளியே நின்று நம் குழுவினர் அனைவரும் ஒன்று. முதல் பத்து நிமிடம் கருவியைத் தொடவே கூடாது. சுற்றிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு விதி பிள்ளைகளின் கண்ணைத் திறந்துவிடுகிறது.

வீடு திரும்பியதும் வேலை முடியவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஊர், இடம், நாள், எதைக் காட்டுகிறது, யாரிடம் ஒப்புதல் பெற்றது என ஐந்து செய்திகளை எழுதி வைக்க வேண்டும். குறிப்பில்லாத படம் முகவரி இல்லாத கடிதம். சிறந்த படங்களை அச்சிட்டு ஒரு நோட்டில் ஒட்டி வைப்பது நல்லது. கைத்தொலைபேசி பழுதானால் உள்ளே இருந்த படங்களும் போய்விடும்; தாளில் உள்ளது நிற்கும்.

நேயர்களே, இத்தனையும் சொன்னது சீனக் கோயிலுக்கு மட்டும் அல்ல. அங்கே கற்ற பழக்கத்தை நம் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்கள் சிலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயங்கள் காலியாயின. முதல் தலைமுறையினர் ஆற்றோரத்திலும் மரத்தடியிலும் வைத்து வணங்கிய முனியாண்டி, மாரியம்மன், காளியம்மன் கோயில்கள் சில இடம் மாறின. சில மறைந்தே போயின. அவற்றுக்குக் கப்பித்தான் இல்லை, செப்பேடு இல்லை, ஆராய்ச்சி இதழில் வரைபடம் வெளியிட எலியட்டும் இல்லை. தீமிதித் திருநாளில் எடுத்த குடும்பப் படத்தின் ஓரத்தில் தற்செயலாக விழுந்த ஒரு மூலைக் கூரைதான் சில கோயில்களுக்கு மிஞ்சிய சான்று.

பழைய தோட்டக் கோயில் இன்னும் நிற்கிறதா? 12 படக் கணக்கில் எடுத்து வையுங்கள். உபயக்காரர் பெயர் பொறித்த கல், கோயில் மணி, சூலம், பழைய திருவிழா அறிவிப்பு எல்லாவற்றையும் எடுங்கள். தோட்டத்தில் வயது முதிர்ந்த பாட்டி இருந்தால் படத்தைக் காட்டி, இது யார் வைத்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் நினைவும் ஒரு கல்வெட்டே, அதுவும் தேயும். மாணவர் ஒருவர் இதைச் செய்தால் ஒரு கோயில் பிழைக்கும். ஒரு பள்ளி செய்தால் ஒரு வட்டாரத்தின் வரலாறே பிழைக்கும்.

வருகிற விடுமுறையில் மலாக்காவுக்குச் செல்லுங்கள். கேட்டு நுழையுங்கள், பார்த்து எடுங்கள், எழுதி வையுங்கள். திரும்பி வந்ததும் உங்கள் சொந்தத் தோட்டத்துக் கோயிலுக்கும் அதே கருவியோடு ஒருமுறை நடந்து செல்லுங்கள்.